ஒரே கார், பல குதிரைத்திறன்: டைனோ அளவீடுகளை எப்போது ஒப்பிடலாம்?

1999-ஆம் ஆண்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. அதற்கு முந்தைய மாடலுக்கு 305. காரை வாங்கிய சிலர் அதைத் திறன் அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றிப் பார்த்தார்கள். பழைய காரைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை என்று தாளில் வந்தது. புகார்கள் பெருகவே, அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்து இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஆகியவற்றைச் சரிசெய்து கொடுத்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2019-இல் டொயோட்டா சுப்ரா வந்தது. எஞ்சினுக்கு 335 குதிரைத்திறன் என்றது நிறுவனம். அமெரிக்க டைனோக்கள் சிலவற்றில் சக்கரத்திலேயே அந்த அளவு கிடைத்தது. டொயோட்டா எண்ணைக் குறைத்துச் சொல்கிறது என்று சிலரும், டைனோ கூட்டிக் காட்டுகிறது என்று சிலரும் வாதிட்டார்கள்.

இரண்டு வழக்குகளிலும் சாட்சி சொன்னது ஒரே வகைக் கருவிதான். முதல் வழக்கில் பழைய காரையும் புதிய காரையும் ஒரே வகை டைனோவில் வைத்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார்கள். இரண்டாவதில் சக்கரத்தில் எடுத்த எண்ணை, எஞ்சினைத் தனியே கழற்றிச் சோதனைக்கூடத்தில் எடுத்த எண்ணோடு மோதவிட்டார்கள். கார் ட்யூனிங் உலகில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது ரகம். வெவ்வேறு டைனோக்கள் தரும் எண்கள் ஏன் விலகுகின்றன, எந்த நிபந்தனைகளில் அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அளப்பதும் கணக்கிடுவதும்

எந்த டைனோவும் குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை. முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் அளந்து, இரண்டையும் பெருக்கியே திறன் கணக்கிடப்படுகிறது. பிரான்ஸின் கஸ்பார் தெ புரோனி 1821-இல் சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, கட்டைகளோடு இணைந்த கையைத் திருப்ப முயலும் விசையை எடைகளால் அளந்தார். இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட் 1877-இல் உராய்வுக்குப் பதிலாகத் தண்ணீரைத் தடையாக்கி, பெரிய கப்பல் எஞ்சின்களையும் அளக்க வழி செய்தார். இன்றைய டைனோக்களுக்கு மூதாதைகள் இவையே.

அலகிலேயே முதல் பிளவு இருக்கிறது. ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத்திறன், நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு. இன்றைய கணக்கில் 745.7 வாட். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வழங்கும் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட். வேறுபாடு 1.4 சதவீதம்தான் என்றாலும், 500 என்ற எண்ணில் அது ஏழு குதிரைகள். ஜெர்மன் மென்பொருளில் வந்த தாளையும் அமெரிக்க மென்பொருளில் வந்த தாளையும் பக்கத்தில் வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அலகு. கிலோவாட்டில் பேசினால் இந்தச் சிக்கலே எழாது.

மூன்று குடும்பங்கள்

ட்யூனிங் பட்டறைகளில் இருக்கும், எஞ்சினைக் கழற்றாமல் காரோடு அளக்கும் சேசிஸ் டைனோக்களை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிலைம டைனோ. அமெரிக்காவின் டைனோஜெட் பரவலாக்கிய வகை இது. கனமான உருளை ஒன்றைக் காரின் சக்கரம் சுழற்றுகிறது. உருளையின் நிலைமம் முன்பே தெரிந்தது; அது எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்று பார்த்தால் சக்கரத்தில் வந்த திறன் கிடைத்துவிடும். இதன் பலம் எளிமை. உருளையின் நிறை நாளுக்கு நாள் மாறாது. ஆகவே ஒரே காரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் எண்கள் நெருங்கி வரும். பலவீனம், ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவது. எஞ்சினை ஒரே வேகத்தில் நிறுத்திவைத்து, எரிபொருளையும் ஸ்பார்க் டைமிங்கையும் ஒவ்வொரு புள்ளியாகச் சரிசெய்ய வெறும் உருளையால் முடியாது. டர்போ எஞ்சினுக்கு வேறொரு குறையும் உண்டு: உருளை இலகுவாக இருந்தால், டர்போ முழு அழுத்தத்தை எட்டுவதற்குள் எஞ்சின் வேகம் ஏறிப் போய்விடும்.

இரண்டாவது, சுமை ஏற்றும் டைனோ. அமெரிக்காவின் மஸ்டாங், ஆஸ்திரேலியாவின் டைனோ டைனமிக்ஸ், ஜெர்மனியின் மாஹா ஆகியவை இவ்வகையில் தெரிந்த பெயர்கள். உருளையோடு சுழல் மின்னோட்ட பிரேக் இணைந்திருக்கும். மின்காந்தத்தில் பாயும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் தடையும் கூடிக் குறையும். பிரேக்கின் உடல் திரும்ப முயலும் விசையை லோட் செல் அளக்கும். ரோட்டில் கார் சந்திக்கும் சுமைக்கு நெருக்கமான நிலையில் எஞ்சினை ஓடவிட்டு ட்யூன் செய்யலாம். அதிகச் சுமையில் நீண்ட நேரம் ஓடுவதால் எஞ்சினும் இன்டேக் காற்றும் சூடாகும்; எண்ணும் சற்று இறங்கும். மஸ்டாங் வகையில் காரின் எடையையும், மணிக்கு 50 மைல் வேகத்தில் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறனையும் இயக்குபவர் உள்ளிட வேண்டும். அங்கே ஒரு எண் மாறினால் முடிவும் மாறும்.

மூன்றாவது, ஹப் டைனோ. நியூசிலாந்தின் டைனாபேக், ஸ்வீடனின் ரோட்டோடெஸ்ட் போன்றவை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பிலேயே அளக்கும் கருவியை நேராகப் பூட்டுகிறார்கள். டயரும் உருளையும் இல்லை, வழுக்கலும் இல்லை. அதனாலேயே இதன் எண், அதே காரை உருளையில் ஏற்றிக் கிடைக்கும் எண்ணைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். இதில் பிழை எதுவும் இல்லை. அளக்கும் இடம்தான் எஞ்சினுக்கு ஒரு படி நெருங்கிவிட்டது.

கிராங்கிலிருந்து தரை வரை

நிறுவனம் சொல்வது கிராங்க் ஷாஃப்டில் கிடைக்கும் திறன். பட்டறை அளப்பது சக்கரத்தில் எஞ்சும் திறன். இடையில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், பேரிங்குகள், டயர் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்த இழப்பை 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, சக்கர எண்ணை 0.85-ஆல் வகுத்து எஞ்சின் எண்ணைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சக்கரத்தில் 340 வந்தால் இக்கணக்கில் எஞ்சின் 400. நான்கு சக்கர இயக்கம் என்று சொல்லி இழப்பை 20 சதவீதமாக்கினால் அதே கார் 425. இடையிலுள்ள 25 குதிரைகள் எஞ்சினில் பிறந்தவை அல்ல, கால்குலேட்டரில் பிறந்தவை.

உண்மையில் இழப்பு ஒரே சதவீதமாகவும் நிற்பதில்லை, ஒரே எண்ணாகவும் நிற்பதில்லை. கியர் பற்கள் ஒன்றோடொன்று உரசும் இழப்பு, கடத்தும் முறுக்குவிசையோடு சேர்ந்து கூடும். ஆயிலைக் கலக்கும் இழப்பு வேகத்தையும் ஆயிலின் சூட்டையும் சார்ந்தது. டயர் இழப்பு காற்றழுத்தத்தையும் பாரத்தையும் பொறுத்தது. ஆகவே 200 குதிரைத்திறன் எஞ்சினை ட்யூன் செய்து 400 ஆக்கினால், 30 குதிரைகளாக இருந்த இழப்பு தானாக 60 ஆகிவிடாது. கூடும், ஆனால் அவ்வளவு கூடாது. 15 சதவீதச் சூத்திரம் நிறைய மாற்றங்கள் செய்த கார்களுக்கு இல்லாத திறனைக் கொடையாக வழங்குவது இதனால்தான்.

டயரின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. காற்று குறைந்த டயரோடு சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தத் தடை காலில் தெரிந்திருக்கும். டைனோவில் அது இன்னும் மோசம்: தரை சமதளம், உருளையோ வளைந்தது, டயருக்குள் அமுங்குகிறது. உருளை சிறியதானால் அமுக்கம் அதிகம். இரண்டு சிறிய உருளைகளுக்கு நடுவே டயர் உட்காரும் அமைப்பில் ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு இடத்தில் நசுங்குகிறது. காரைக் கட்டும் பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாலே சில குதிரைகள் குறையும்.

மாஹா போன்றவை இந்த இழப்பை ஊகிக்காமல் அளக்க முயல்கின்றன. ஓட்டத்தின் உச்சியை எட்டியதும் கிளட்சை மிதித்து, உருளைகளைத் தானாக வேகம் குறைய விட்டு, அப்போது எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்து, அதைச் சக்கரத் திறனோடு கூட்டி எஞ்சின் திறனைத் தருகின்றன. சதவீதச் சூத்திரத்தைவிட இது நேர்மையான வழி. ஆனாலும் வேகம் குறையும் நேரத்தில் கியர் பற்களின் மேல் எஞ்சினின் முழுச் சுமை இல்லை. சுமையோடு கூடும் இழப்பு இந்தக் கணக்கில் முழுதாக விழுவதில்லை.

நிலைம ஓட்டத்துக்கே உரிய இன்னொரு இழப்பும் உண்டு. கார் வேகமெடுக்கும்போது எஞ்சினின் சுழலும் பாகங்களையும் சக்கரங்களையும் வேகமாக்கவே ஒரு பகுதி திறன் செலவாகிறது. கனமான சக்கரத்தை எடுத்துவிட்டு இலகுவான அலாய் சக்கரம் மாட்டினால், எஞ்சினைத் தொடாமலேயே தாளில் எண் ஏறும். கீழ் கியரில் ஓட்டினால் வேகமேற்றம் அதிகம், இந்தச் செலவும் அதிகம். நேர் விகிதத்துக்கு நெருக்கமான கியரில், பல கார்களில் நான்காவதில், ஓட்டுவது அதனால்தான் வழக்கம். நிலையான வேகத்தில் சுமை ஏற்றி அளந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆக, இலகுச் சக்கரம் ஒரு டைனோவில் திறனைக் கூட்டும், இன்னொன்றில் கூட்டாது. இரண்டு டைனோக்களும் உண்மையைத்தான் சொல்கின்றன. கேட்கப்பட்ட கேள்விகள் வேறு.

காற்றுக்கான திருத்தம்

எஞ்சினின் திறன் அது உள்ளிழுக்கும் ஆக்சிஜனைப் பொறுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் உயரமும் காற்றை மெலிதாக்கும். வெவ்வேறு நாட்களில் எடுத்த எண்களைப் பொது நிலைக்குக் கொண்டுவரத் திருத்தக் காரணிகள் உருவாயின. எந்தப் பொது நிலை என்பதில் மீண்டும் பிளவு. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே1349 தரம் 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர் காற்று என்கிறது. அதே சங்கத்தின் பழைய ஜே607 தரம், டைனோ மென்பொருள்களில் 'எஸ்.டி.டி.' என்ற பெயரில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் அடிப்படை சுமார் 15.6 டிகிரியும் கடல்மட்ட அழுத்தமும். குளிர்ந்த, அடர்ந்த காற்று என்பதால் எஸ்.டி.டி. எண் எஸ்.ஏ.இ. எண்ணைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதலாக வரும். ஜெர்மனியின் பழைய டின் 70020 தரம் 20 டிகிரியை எடுத்துக்கொண்டது.

சென்னையில் மே மாதப் பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 38 டிகிரி, நீராவியின் பங்கைக் கழித்தபின் உலர் காற்றழுத்தம் 97 கிலோபாஸ்கல் என்றால், ஜே1349 திருத்தக் காரணி சுமார் 1.05. உருளையில் 200 வந்தால் எஸ்.ஏ.இ. தாளில் 210, எஸ்.டி.டி. தாளில் 218. கார் ஒன்று, ஓட்டம் ஒன்று, எண்கள் மூன்று. மென்பொருளில் ஒரு பட்டனை மாற்றுவதால் வரும் இந்த வேறுபாடு, புதிய ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் தருவதாகச் சொல்லும் லாபத்துக்குச் சமம்.

உயரமான ஊர்களில் சிக்கல் முற்றும். சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் டென்வரில் திருத்தக் காரணி 1.2-ஐத் தாண்டும். சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் ஒரு டைனோ வைத்தால் அது 1.3-ஐத் தொடும். ஆனால் ஐ.எஸ்.ஓ. 1585 தரம் பெட்ரோல் எஞ்சினுக்கு இக்காரணி 0.93-க்கும் 1.07-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு வெளியே போனால் சூத்திரத்தின் மீது பழைய நம்பிக்கை வைக்க முடியாது.

டர்போ எஞ்சினுக்கு இதில் கூடுதல் அநீதி உண்டு, அதுவும் சாதகமான திசையில். இயற்கையாகக் காற்றிழுக்கும் எஞ்சின் மெலிந்த காற்றில் உண்மையாகவே திறனை இழக்கிறது. திருத்தம் அந்த இழப்பை ஈடுசெய்கிறது. டர்போ எஞ்சினிலோ, ஈசியூ நிர்ணயித்த அழுத்தத்தை எட்டும்வரை வேஸ்ட்கேட் வால்வு மூடியே இருந்து டர்போவைக் கூடுதலாகச் சுழல வைக்கிறது. இழப்பின் பெரும்பகுதியை எஞ்சினே சரிக்கட்டிவிட்டது. அதன்மேல் மலைப்பிரதேசத் திருத்தத்தையும் ஏற்றினால் இழக்காத திறன் திரும்பக் கிடைத்ததாகத் தாள் காட்டும். உயர்ந்த ஊரிலிருந்து வரும் டர்போ கார் தாளைப் படிப்பவர் திருத்தப்படாத எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

இயக்குபவரின் கை

கருவியும் காற்றும் போக, மீதி மனிதர் கையில். காருக்கு முன்னால் வைத்திருக்கும் விசிறி சிறியதானால் இன்டர்கூலர் சூடாகும்; ஈசியூ நாக்கிங்குக்கு அஞ்சி டைமிங்கைப் பின்னிழுக்கும்; திறன் விழும். வெப்ப சென்சார் பானெட்டுக்குப் பக்கத்தில் சூட்டில் தொங்கினால், அறை முழுக்க அவ்வளவு சூடு என்று நம்பி மென்பொருள் திருத்தத்தைக் கூட்டும். வரைகோட்டை மழுப்பும் அமைப்பைக் குறைத்தால் கூர்மையான முனை ஒன்று உச்ச எண்ணாகப் பதிவாகும். ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கினாலோ, எஞ்சின் வேகத்தை நேராக எடுக்காமல் உருளை வேகத்திலிருந்து கணக்கிட்டாலோ, முறுக்குவிசை எண் பொருளற்றதாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் டைனோ டைனமிக்ஸ் 'ஷூட்அவுட்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது இந்தக் கையைக் கட்டுவதற்கே. வேகமேற்றும் வீதமும் திருத்தமும் பூட்டப்பட்டிருக்கும். இயக்குபவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதே நிறுவன டைனோக்களுக்கு இடையிலான ஒப்பீட்டுக்கு இது உதவுகிறது. வேறு நிறுவன டைனோவோடு ஒப்பிட உதவாது.

நிறுவன எண்ணும் கல்வெட்டல்ல

பட்டறை எண்ணைச் சந்தேகிப்பவர்கள் நிறுவன எண்ணை அசையாத அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1971 கார்வெட்டின் அடிப்படை எஞ்சினுக்கு 270 குதிரைத்திறன், 1972-இல் 200. எஞ்சின் திடீரென நோஞ்சான் ஆகிவிடவில்லை. உபகரணங்களைக் கழற்றிவிட்டு அளக்கும் மொத்தத் திறனிலிருந்து, காரில் இருப்பதுபோலவே பூட்டி அளக்கும் நிகரத் திறனுக்கு அமெரிக்கத் தொழில்துறை மாறியது. ஜப்பானில் 1989 முதல் 2004 வரை நிறுவனங்கள் 280 மெட்ரிக் குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருந்தன. நிசான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் போன்ற கார்கள் அதைத் தாண்டியிருந்தும் தாளில் 280 என்றே நின்றன.

2005-இல் எஸ்.ஏ.இ. விதிகளை இறுக்கி, சாட்சியின் முன்னிலையில் சோதிக்கும் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. டொயோட்டா கேம்ரியின் வி6 எஞ்சின் 210-லிருந்து 190-க்கு இறங்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ்.7 எஞ்சின் 500-லிருந்து 505-க்கு ஏறியது. அண்மையில், 2024 ஜனவரியில், டொயோட்டா குழுமத்தின் டீசல் எஞ்சின்கள் சிலவற்றுக்கான குதிரைத்திறன் சோதனையில், உற்பத்திக் கார்களில் உள்ளதிலிருந்து மாறுபட்ட மென்பொருள் கொண்ட ஈசியூ பயன்படுத்தப்பட்டது வெளியானது. இந்தியாவில் இன்னோவா கிறிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் ஆகியவற்றின் அனுப்புதலும் சில நாள் நின்றது. சோதனைக்கூட எண்ணுக்கும் நிபந்தனைகளும் மனிதர்களும் உண்டு.

மாற்று விகிதம் என்ற ஆசை

இத்தனைக்குப் பிறகும் ட்யூனர்களிடையே ஒரு ஆசை தொடர்கிறது: மஸ்டாங் டைனோவின் எண்ணை இத்தனையால் பெருக்கினால் டைனோஜெட் எண் வரும் என்று ஒரு நிலையான விகிதம். பத்து சதவீதம் என்பார்கள், பதினைந்து என்பார்கள். மேலே பார்த்த காரணங்களைக் கூட்டிப் பார்த்தால் அப்படி ஒரு விகிதம் இருக்க முடியாது என்பது தெரியும். ஒரு டைனோவில் சக்கரத்தின் எடை எண்ணை மாற்றுகிறது, மற்றதில் உள்ளிட்ட கார் எடை மாற்றுகிறது. ஒரு டர்போ கார் சுமையில் கூடுதல் அழுத்தம் எட்டலாம். இன்னொரு கார் அதே சுமையில் சூடாகித் தளரலாம். விகிதம் டைனோக்களுக்கு இடையில் இல்லை. ஒவ்வொரு காரோடும் அது மாறுகிறது. ஒரே காரை ஒரே வாரத்தில் இரண்டு டைனோவிலும் ஓட்டினால் அந்தக் காருக்கு அந்த வாரத்து விகிதம் கிடைக்கும். அதற்குமேல் நீட்டக் கூடாது.

வெளியிலிருந்து சரிபார்க்கும் வழிகள் உண்டு. அவற்றை டைனோவைவிடக் குறைவாக மதிப்பது தவறு. பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று சுமார் பத்துக் குதிரைத்திறனுக்குப் போதும் என்பது பழைய கணக்கு. 500 குதிரைத்திறன் என்று ஒரு தாள் சொன்னால், எஞ்சின் நிமிடத்துக்கு 22 அல்லது 23 கிலோ காற்றை உள்ளிழுத்திருக்க வேண்டும். காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் அதில் பாதியைக் காட்டினால் தாளைத்தான் சந்தேகிக்க வேண்டும். கால் மைல் ஓட்டத்தின் முடிவில் எட்டும் வேகமும் அப்படியே: பவுண்டில் காரின் எடையை, மணிக்கு மைல் கணக்கிலான வேகத்தை 234-ஆல் வகுத்து மும்மடி எடுத்த எண்ணால் பெருக்குவது நெடுநாள் வழக்கிலுள்ள சூத்திரம். 3,500 பவுண்டு கார் 110 மைல் வேகத்தில் கடந்தால் சுமார் 364 குதிரைத்திறன். துல்லியம் குறைவுதான், ஆனால் 500 என்ற கூற்றைக் கவிழ்க்க இது போதும்.

எதை நம்புவது?

அளவியலில் துல்லியம் ஒன்று, திரும்பவும் அதே எண்ணைத் தரும் திறன் வேறொன்று. சட்டத்துக்கும் விளம்பரத்துக்கும் முதலாவது தேவை. ட்யூனருக்குத் தேவை இரண்டாவது. உண்மையைவிட எட்டு சதவீதம் குறைத்துக் காட்டும் டைனோ, எப்போதும் அதே எட்டைக் குறைத்தால், ட்யூனிங்குக்கு அது சிறந்த கருவி. இன்று எட்டும் நாளை மூன்றும் குறைக்கும் டைனோ, சராசரியில் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருந்தாலும் பயன்படாது.

ஆகவே ட்யூனிங்கில் நம்பத்தக்க எண், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில், ஒரே டயர் அழுத்தத்தில், ஒரே எரிபொருளில், எஞ்சின் ஒரே சூட்டில் இருக்கையில், குறைந்தது மூன்று ஓட்டங்களில் எடுத்த இரண்டு வரைகோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி. மூன்று ஓட்டங்களும் தங்களுக்குள் ஐந்து குதிரைகள் விலகுமானால், நான்கு குதிரை லாபம் என்று விற்கப்படும் பாகத்தைப் பற்றி அந்த டைனோ எதுவும் சொல்லவில்லை. உச்ச எண்ணைவிட, ஓட்டுநர் பெரும்பாலும் பயன்படுத்தும் வேக எல்லையில் கோடு எவ்வளவு உயர்ந்தது என்பதே சாலையில் உணரப்படும்.

இரண்டு ஊர்த் தாள்களை ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால், டைனோவின் வகை, திருத்தத் தரம், திருத்தக் காரணி, காற்றின் வெப்பமும் அழுத்தமும், கியர், அலகு ஆகிய ஆறும் இரண்டு தாளிலும் இருக்க வேண்டும். காசு கொடுத்து டைனோ ஓட்டம் எடுப்பவர் இந்த ஆறையும் எழுதித் தரும்படி பட்டறையிடம் கேட்கலாம். மென்பொருளில் அவை ஏற்கெனவே பதிவாகியிருப்பவைதான். அச்சடிக்கக் கூடுதல் செலவில்லை. அவற்றைத் தரத் தயங்கும் பட்டறையின் எண்ணை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இன்னொரு பட்டறையின் எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.